நிறை எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எடை போட்டா, எண்ணிப் பார்த்தா?

யுரேனியம் 235, அயோடின் 131, சீசியம் 137, கார்பன் 14. அணு உலை, அணு ஆயுதம், கதிரியக்கக் கசிவு, தொல்பொருளின் வயது என்று எதைப் பற்றிச் செய்தி வந்தாலும் தனிமத்தின் பெயருக்குப் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதுதான் நிறை எண். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பள்ளியில் படித்த வரி பலருக்கும் ஞாபகத்துக்கு வரும்: புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் கூட்டினால் நிறை எண்.

வரி சரிதான். சிக்கல் அடுத்த கேள்வியில் இருக்கிறது. நியூட்ரான்கள் எத்தனை என்பது எப்படித் தெரியும்? அதே பாடநூல் சொல்லும்: நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்துக்கொள். ஆக, நிறை எண் வேண்டுமென்றால் நியூட்ரான் எண்ணிக்கை வேண்டும். நியூட்ரான் எண்ணிக்கை வேண்டுமென்றால் நிறை எண் வேண்டும். செக்குமாடு போல அதே இடத்தைச் சுற்றுகிறோம்.

உண்மையில் எந்த ஆய்வகத்திலும் யாரும் நியூட்ரான்களை ஒன்று, இரண்டு என்று எண்ணி நிறை எண்ணுக்கு வருவதில்லை. அணுவின் நிறையை அளக்கிறார்கள். அது ஏதோ ஒரு முழு எண்ணை ஒட்டி நிற்கிறது. அந்த முழு எண்தான் நிறை எண். அணு எண்ணை வேறொரு சோதனை தருகிறது. நியூட்ரான் எண்ணிக்கை கடைசியில் கழித்தலில் கிடைப்பது. பாடநூல் சூத்திரம் ஒரு திசையில் ஓடுகிறது, வேலை நடக்கும் திசை அதற்கு நேர்மாறு.

## குழப்பத்துக்குக் காரணமான நான்கு எண்கள்

ஒரே மாதிரி ஒலிக்கும் நான்கு எண்களை முதலில் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

1. அணு எண். அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. தனிமம் எது என்பதைத் தீர்மானிப்பது இது மட்டுமே. 17 புரோட்டான் இருந்தால் அது குளோரின். 18 இருந்தால் ஆர்கான்.

2. நிறை எண். ஒரு குறிப்பிட்ட அணுக்கருவில் உள்ள புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்த எண்ணிக்கை. எப்போதும் முழு எண். அதற்கு அலகு கிடையாது. ஒரே அணு எண்ணும் வேறு வேறு நிறை எண்ணும் கொண்ட அணுக்கள்தான் ஐசோடோப்புகள்.

3. ஐசோடோப்பின் அணு நிறை. ஒரே ஓர் அணுவின் உண்மையான நிறை. கார்பன் 12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஓர் அணு நிறை அலகு என்கிறோம். இந்த அலகில் குளோரின் 35-இன் நிறை 34.969. முழு எண் அல்ல, ஆனால் முழு எண்ணுக்கு மிக அருகில்.

4. அணு எடை. இயற்கையில் கலந்து கிடைக்கும் எல்லா ஐசோடோப்புகளின் நிறைகளுக்கும் அவற்றின் பங்குக்கு ஏற்ப எடுத்த சராசரி. குளோரினுக்கு 35.45.

தனிம அட்டவணையின் கட்டத்துக்குள் அச்சாகியிருக்கும் தசம எண் நான்காவது வகை. குழப்பத்தில் பாதி, அதை இரண்டாவது வகை என்று நினைப்பதால் வருகிறது.

## அட்டவணை எண்ணைத் தோராயமாக்கினால் போதாதா?

"அணு எடையை அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்று, அதுதான் நிறை எண்" என்ற குறுக்குவழியைப் பல இடங்களில் பார்க்கலாம். சோடியத்துக்கு 22.990, அதாவது 23. அலுமினியத்துக்கு 26.98, அதாவது 27. ஃபுளோரினுக்கு 18.998, அதாவது 19. மூன்றுமே சரியான விடைகள். ஆனால் சரியாக வருவதற்குக் காரணம் வழிமுறை அல்ல. இந்த மூன்று தனிமங்களுக்கும் இயற்கையில் நிலையான ஐசோடோப்பு ஒன்றே ஒன்றுதான். சராசரி எடுக்க வேறு எதுவும் இல்லை.

புரோமினை எடுத்துக்கொண்டால் குறுக்குவழியின் சாயம் வெளுத்துவிடும். அதன் அணு எடை 79.904. தோராயமாக்கினால் 80. ஆனால் இயற்கையில் கிடைக்கும் புரோமினில் நிறை எண் 80 கொண்ட அணு இல்லை. இருப்பவை இரண்டு: 79, 81. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 79 சுமார் 50.7 சதவீதம், 81 சுமார் 49.3 சதவீதம். ஒரு வீட்டில் 4 வயதில் ஒரு குழந்தையும் 6 வயதில் ஒரு குழந்தையும் இருந்தால் சராசரி வயது 5. ஆனால் அந்த வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை யாரும் இல்லை. புரோமின் 80 செயற்கையாக உருவாக்கக்கூடிய ஒரு கதிரியக்க ஐசோடோப்பு. அதன் அரை ஆயுள், அதாவது அணுக்களில் பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், சுமார் 18 நிமிடம்.

தாமிரத்திலும் இதே கதை. 63.546 என்பது 64 ஆகிறது. இயற்கையில் உள்ளவை 63, 65 மட்டும். வெள்ளி 107.87, தோராயமாக்கினால் 108, இருப்பவை 107, 109.

குளோரின் 35 என்று சரியாக வருகிறதே என்றால், அதுவும் அதிர்ஷ்டம்தான். இயற்கைக் குளோரினில் சுமார் 75.8 சதவீதம் 35, மீதி 37. கணக்குப் போட்டால்: 34.969-இன் 75.76 சதவீதம் 26.49, 36.966-இன் 24.24 சதவீதம் 8.96; கூட்டினால் 35.45. பங்கு சற்று மாறியிருந்தால் சராசரி 36-ஐ ஒட்டி வந்திருக்கும். அந்த நிறை எண்ணுக்கு நிலையான குளோரின் கிடையாது.

ஆகவே "குளோரினின் நிறை எண் என்ன?" என்ற கேள்வியே முழுமையானது இல்லை. தனிமத்துக்கு நிறை எண் கிடையாது, ஐசோடோப்புக்குத்தான் உண்டு. தேர்வில் அப்படிக் கேட்டால் "மிகுதியாகக் கிடைக்கும் ஐசோடோப்பின் நிறை எண்" என்று எடுத்துக்கொண்டு பதில் எழுத வேண்டியதுதான், வேறு வழியில்லை.

ஒரு விதிவிலக்கு மட்டும் இருக்கிறது. ரேடியம் [226], ரேடான் [222], பொலோனியம் [209] என்று சில கட்டங்களில் அடைப்புக்குறிக்குள் முழு எண் இருக்கும். இவற்றுக்கு நிலையான ஐசோடோப்பு இல்லை. அதனால் சராசரிக்குப் பதில், அதிக காலம் நீடிக்கும் ஐசோடோப்பின் நிறை எண்ணையே போட்டிருக்கிறார்கள்.

## அணு எண்ணை எக்ஸ் கதிர் சொல்கிறது

முதல் அளவீடு புரோட்டான்களைப் பற்றியது. 1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி வெவ்வேறு தனிமங்களை எலக்ட்ரான்களால் தாக்கி, அவை வெளிவிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சீராக, படி ஏறுவது போல ஏறியது. ஒவ்வொரு படிக்கும் அணுக்கருவின் மின்னூட்டம் ஒன்று கூடுகிறது என்பது அதற்குப் பொருள். அணு எண் வெறும் வரிசை எண் அல்ல, அளக்கக்கூடிய ஒன்று என்பது அப்போது உறுதியானது.

அதுவரை எடையை வைத்து வரிசைப்படுத்தியவர்களுக்கு உறுத்திக்கொண்டிருந்த ஒரு விஷயமும் அதோடு தீர்ந்தது. கோபால்ட்டின் அணு எடை 58.93, நிக்கலுக்கு 58.69. எடைப்படி நிக்கல் முன்னால் வர வேண்டும். மோஸ்லியின் அளவீட்டில் கோபால்ட் 27, நிக்கல் 28. இரண்டு ஆண்டுகளில், 27 வயதில், மோஸ்லி முதல் உலகப்போரின் கலிப்போலி போர்க்களத்தில் இறந்துபோனார்.

சரி, அணு எண் கிடைத்துவிட்டது. இனி நிறை.

## காந்தப்புலம் என்னும் தராசு

ஒற்றை அணுவைத் தராசில் வைக்க முடியாது. அதற்குப் பதில் அதை ஓடவிட்டு, வளைத்து, எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிறார்கள். இதைச் செய்யும் கருவி நிறை நிறமாலைமானி. அது வேலை செய்யும் வரிசை இது:

1. பொருளை ஆவியாக்கி, அதன் அணுக்களிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்குகிறார்கள். அணு இப்போது நேர் மின்னூட்டம் கொண்ட அயனி. போன எலக்ட்ரானின் நிறை வெறும் 0.00055 அலகு, நிறை எண்ணைப் பொறுத்தவரை அது கணக்கிலேயே வராது.

2. எல்லா அயனிகளையும் ஒரே மின்னழுத்தத்தால் முடுக்குகிறார்கள். ஒரே ஆற்றல் கிடைப்பதால் கனமானவை மெதுவாகவும் இலேசானவை வேகமாகவும் ஓடும்.

3. ஓடும் பாதைக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம். அயனிகள் வட்டப் பாதையில் வளைகின்றன. வட்டத்தின் ஆரத்தின் வர்க்கம், நிறையை மின்னூட்டத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

4. எந்த இடத்தில் விழுந்தது என்பதை ஒரு தட்டோ மின்னணு உணர்வியோ பதிவு செய்கிறது. தெரிந்த நிறையுள்ள அயனி விழுந்த இடத்தோடு ஒப்பிட்டால் தெரியாத நிறை வந்துவிடும்.

எண்களோடு பார்த்தால் இதன் கூர்மை புரியும். நியான் 20 அயனி 10 செ.மீ. ஆரத்தில் வளைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அமைப்பில் நியான் 22-இன் ஆரம், 10 பெருக்கல் 1.1-இன் வர்க்கமூலம், அதாவது 10.49 செ.மீ. அரை வட்டம் சுற்றி வந்து விழும்போது இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டே இரண்டு நியூட்ரான்களின் வித்தியாசம் கண்ணால் பார்க்கும் தூரமாகிவிடுகிறது.

நியானை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கதை தொடங்கியதே அதில்தான். 1912-13-இல் இயற்பியலாளர் ஜே. ஜே. தாம்சன் நியான் அயனிகளை மின், காந்தப் புலங்களில் வளைத்துப் புகைப்படத் தட்டில் பதிவு செய்தபோது ஒரு கோடு வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தன: 20-இல் ஒன்று, 22-இல் மங்கலாக இன்னொன்று. நியானின் அணு எடையான 20.2-இல் கோடே இல்லை! 22 என்பது நியானோடு இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்த சேர்மமாக இருக்குமோ என்றுகூட யோசித்தார்கள். அவரிடம் உதவியாளராக இருந்த பிரான்சிஸ் ஆஸ்டன், முதல் உலகப்போர் முடிந்த கையோடு 1919-இல் துல்லியமான கருவி ஒன்றைக் கட்டினார். இரண்டுமே நியான்தான் என்று நிரூபித்தார். தொடர்ந்து தனிமம் தனிமமாக அளந்துகொண்டே போனார். ஏறக்குறைய எல்லா ஐசோடோப்புகளின் நிறையும் முழு எண்களை ஒட்டியே வந்தது. 1922-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு.

## இந்தத் தராசு ஏமாற்றும் இடங்கள்

கருவி தருவது நிறை அல்ல; நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம். மேலும், விழுந்தது தனி அணுவா மூலக்கூறா என்றும் அது சொல்லாது. அதனால் வாசிக்கும்போது மூன்று பொறிகளைத் தாண்ட வேண்டும்.

1. இரட்டை மின்னூட்டம். ஆர்கான் 40 ஓர் எலக்ட்ரானுக்குப் பதில் இரண்டை இழந்தால், விகிதம் 40/2, அதாவது 20. நியான் 20 விழ வேண்டிய இடத்திலேயே போய் விழும். ஆர்கான் காற்றில் தாராளமாக இருப்பதால், நியானை அளப்பவர்களுக்கு இது தீராத தொல்லை.

2. மூலக்கூறு. புரோமின் வாயுவை உள்ளே விட்டால் இரண்டு அணு கொண்ட மூலக்கூறுகளுக்கு மூன்று சிகரங்கள் (பதிவில் உயர்ந்து நிற்கும் கோடுகள்) வரும்: 158, 160, 162. உயரங்கள் ஏறக்குறைய 1:2:1. உயரமானது 160 என்பதால் "அப்போ ஓர் அணுவுக்கு 80" என்று முடிவு கட்டினால் பழைய பொறியிலேயே மறுபடி விழுந்துவிட்டோம். 160 வருவது 79-உம் 81-உம் சேர்ந்து. இரண்டும் பாதிப் பாதி இருப்பதால் கலப்பு ஜோடி அமைய வாய்ப்பு இருமடங்கு. அதனால்தான் நடுச் சிகரம் இரட்டிப்பு உயரம். ஓரங்களில் நிற்கும் 158-உம் 162-உம்தான் உண்மையைச் சொல்கின்றன.

3. ஐசோபார்கள். நிறை எண் ஒன்று, தனிமம் வேறு. ஆர்கான் 40, பொட்டாசியம் 40, கால்சியம் 40 மூன்றும் 40-இல்தான் விழும். கார்பன் 14-உம் நைட்ரஜன் 14-உம் இப்படித்தான்: 14.00324, 14.00307. வித்தியாசம் நான்காவது தசம இடத்தில்தான்.

கடைசிப் பொறி தொல்பொருளின் வயதைக் கணிப்பவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. கார்பன் 14 மிகமிகக் குறைவு, நைட்ரஜன் எங்கும் நிறைந்திருக்கிறது. முடுக்கி வகை நிறை நிறமாலைமானிகளில் இதற்கு ஒரு தந்திரம் செய்கிறார்கள்: அணுக்களை எதிர் மின்னூட்ட அயனிகளாக மாற்றுகிறார்கள். கார்பன் எதிர் அயனியாக நிலைத்து நிற்கும், நைட்ரஜன் நிற்காது. வாசலிலேயே நைட்ரஜன் கழன்றுவிடுகிறது. நிறை எண்ணால் பிரிக்க முடியாததை வேதியியல் பிரித்துக் கொடுக்கிறது. நிறை எண்ணை மட்டும் வைத்து எந்த அணு என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. அணு எண்ணும் கூடவே வேண்டும்.

## முழு எண்ணைத் தாண்டிப் போகாதது ஏன்?

இந்த முறை முழுவதும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: தனி ஐசோடோப்பின் நிறையைத் தோராயமாக்கினால் நிறை எண் தப்பாமல் வரும். இது ஏன் நடக்க வேண்டும்? யோசித்துப் பார்த்தால் நடக்கக் கூடாது என்றுதான் தோன்றும்.

தனியாக இருக்கும் புரோட்டானின் நிறை 1.0073 அலகு. நியூட்ரான் 1.0087. இரண்டுமே ஒன்றைவிடச் சற்று அதிகம். யுரேனியம் 238-க்கு 92 புரோட்டான், 146 நியூட்ரான், 92 எலக்ட்ரான் எல்லாவற்றையும் கூட்டினால் 239.98 வருகிறது. தோராயமாக்கினால் 240! ஆனால் அளந்தால் கிடைப்பது 238.05. கிட்டத்தட்ட இரண்டு அலகு நிறையைக் காணோம்.

இந்தக் காணாமல் போன நிறைக்கு நிறை குறைபாடு என்று பெயர். புரோட்டான்களும் நியூட்ரான்களும் இறுகப் பிணையும்போது ஆற்றல் வெளியேறுகிறது. வெளியேறிய ஆற்றலுக்கு ஈடான நிறை குறைகிறது. அதுவே பிணைப்பு ஆற்றல். பெரும்பாலான அணுக்களில் ஒரு துகளுக்கு இந்த இழப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால்தான், நிறையை வைத்து நிறை எண்ணைச் சொல்ல முடிகிறது.

அலகின் தேர்வும் இதில் சேர்ந்து வேலை செய்கிறது. அலகு கார்பன் 12-இலிருந்து எடுக்கப்பட்டது. கார்பன் 12-உம் ஒரு பிணைந்த அணுக்கரு. அதன் ஒவ்வொரு துகளுக்கும் சுமார் 0.0082 அலகு இழப்பு ஏற்கெனவே அந்த அளவுகோலுக்குள் இருக்கிறது. இரும்பு 56-இல் ஒரு துகளுக்கு இழப்பு 0.0094. வித்தியாசம் 0.0012 மட்டும். 56 துகளுக்கும் சேர்த்து 0.07-ஐத் தாண்டாது. அதனால்தான் இரும்பு 56-இன் நிறை 55.935 என்று 56-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

ஹைட்ரஜன் 1-ஐ அலகாக வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரும்பு 56-இன் நிறை 55.50 என்று வரும். 55-ஆ 56-ஆ என்று நாணயத்தைச் சுண்டித்தான் பார்க்க வேண்டும். ஹைட்ரஜனின் கருவில் ஒரே ஒரு புரோட்டான். பிணைப்பு என்ற பேச்சே அங்கே இல்லை, இழப்பும் இல்லை. அதனால் அது நல்ல அளவுகோல் ஆகாது. ஆஸ்டன் காலத்தில் ஆக்ஸிஜன் 16 அளவுகோலாக இருந்தது. இயற்பியலாளர்கள் ஆக்ஸிஜன் 16 ஐசோடோப்பையும், வேதியியலாளர்கள் இயற்கை ஆக்ஸிஜன் கலவையையும் 16 என்று வைத்துக்கொண்டு, இரண்டு அட்டவணைகளோடு பல ஆண்டுகள் காலம் தள்ளினார்கள். 1960-61-இல்தான் இரு தரப்பும் கார்பன் 12-க்கு வந்து சேர்ந்தன.

இன்றைய அளவுகோலில் விலகல் அதிகமாக இருப்பது வெள்ளீயத்தின் சுற்றுவட்டாரத்தில். வெள்ளீயம் 120-இன் நிறை 119.902. நிலையான அணுக்களில் விலகல் பெரிதானால் ஏறக்குறைய இவ்வளவுதான், 0.1. தோராயமாக்கல் தவற வேண்டுமானால் 0.5 வேண்டும். அதை எந்த அணுக்கருவும் எட்டுவதில்லை.

## நியூட்ரான் வருவதற்கு 13 ஆண்டுகள் முன்பே

ஆஸ்டன் தன் வேலையைத் தொடங்கியது 1919-இல். இயற்பியலாளர் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தது 1932-இல். அதாவது "புரோட்டான் கூட்டல் நியூட்ரான்" என்ற வரையறைக்கான ஆளே இல்லாத காலத்தில், நிறை எண்களின் பட்டியல் பெருமளவு தயாராகிவிட்டது.

அப்போது வேறு விளக்கம் வைத்திருந்தார்கள். நைட்ரஜன் 14-இன் கருவில் 14 புரோட்டானும் 7 எலக்ட்ரானும் அடைந்துகிடப்பதாக நினைத்தார்கள். மின்னூட்டம் 7, நிறை 14. கணக்கு அழகாகப் பொருந்தியது. ஆனால் 14-உம் 7-உம் சேர்ந்தால் 21 துகள், ஒற்றைப்படை. அப்படிப்பட்ட கருவின் தற்சுழற்சி (ஸ்பின் என்னும் குவாண்டம் பண்பு) 1/2, 3/2 போன்ற அரை எண்ணாக இருக்க வேண்டும். அளவீடு முழு எண் என்று சொல்லிவிட்டது. 7 புரோட்டான், 7 நியூட்ரான் என்று வந்ததும் துகள் எண்ணிக்கை இரட்டைப்படை 14 ஆகி, முரண்பாடு தீர்ந்தது. உள்ளே இருப்பது என்ன என்ற படம் தலைகீழாக மாறியபோதும், நிறை எண் ஒன்றுகூட மாறவில்லை. அது அளவீட்டிலிருந்து வந்தது என்பதால்தான்.

## சிதைவில் நிறை எண்ணின் கூட்டல் கழித்தல்

கதிரியக்கத்தில் ஓர் அணுக்கரு வேறொன்றாக மாறுவதைச் சிதைவு என்கிறோம். எல்லா முறையும் அளக்க வேண்டியதில்லை. ஓர் அணுவின் நிறை எண் தெரிந்தால், அதிலிருந்து பிறப்பவற்றின் நிறை எண்ணைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். விதிகள் சுருக்கமானவை.

1. ஆல்ஃபா சிதைவில் இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் வெளியேறும். நிறை எண்ணில் 4 குறையும், அணு எண்ணில் 2 குறையும். யுரேனியம் 238 தோரியம் 234 ஆகிறது.
2. பீட்டா சிதைவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும். நிறை எண் மாறாது. அணு எண் ஒன்று கூடும். தோரியம் 234 புரோட்டாக்டினியம் 234 ஆகிறது.
3. காமா கதிர் வெளிவந்தால் இரண்டுமே மாறாது. மருத்துவமனைகளில் பயன்படும் டெக்னீசியம் 99எம்-இல் ஒட்டியிருக்கும் "எம்" இதைத்தான் குறிக்கிறது: அதே 99, ஆனால் கூடுதல் ஆற்றலோடு தற்காலிகமாகத் தங்கியிருக்கும் கரு.

யுரேனியம் 238 கடைசியில் ஈயம் 206-இல் போய் நிற்கிறது. எத்தனை ஆல்ஃபா? 238-இலிருந்து 206 போனால் 32. நான்கால் வகுத்தால் 8. எட்டு ஆல்ஃபாவில் அணு எண் 16 குறைந்து 92 என்பது 76 ஆகியிருக்க வேண்டும். ஈயத்துக்கு 82. ஆகவே இடையில் 6 பீட்டா. நிறை எண் நான்கு நான்காகத்தான் குறையும் என்பதால், யுரேனியம் 238 ஒருக்காலும் ஈயம் 207-இல் முடியாது. அது யுரேனியம் 235-இன் முடிவு. தோரியம் 232-க்கு ஈயம் 208.

அணுக்கரு பிளவிலும் இதே விதிதான். யுரேனியம் 235 ஒரு நியூட்ரானை விழுங்கினால் மொத்தம் 236. அது பேரியம் 141, கிரிப்டான் 92, மூன்று நியூட்ரான் என்று உடைந்தால்: 141, 92, 3 கூட்டினால் அதே 236. "நிறை ஆற்றலாக மாறுகிறது என்கிறீர்களே, அப்புறம் எப்படி எண் குறையாமல் இருக்கிறது?" என்ற கேள்வி இங்கே நியாயமாக எழும். ஆற்றலாக மாறுவது சுமார் 0.2 அலகு நிறை. அது பிணைப்பு இறுகுவதால் வருவது. எந்தத் துகளும் அழிவதில்லை. நிறை குறைகிறது, நிறை எண் குறைவதில்லை. இரண்டும் வேறு என்பதற்கு அணு உலைதான் பெரிய நிரூபணம்.

## செய்தியில் வரும் 235-உம் 238-உம்

"60 சதவீதம் செறிவூட்டப்பட்ட யுரேனியம்" என்றால், மொத்த யுரேனியத்தில் 60 சதவீதம் நிறை எண் 235 கொண்டது என்று பொருள். இயற்கையில் அது 0.72 சதவீதம்; ஏறக்குறைய மீதி எல்லாம் 238. பெரும்பாலான மின் உலைகளுக்கு 3 முதல் 5 சதவீதம் போதும்.

வெறும் மூன்று நியூட்ரான் வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு களேபரம்? 235-இல் நியூட்ரான்கள் 143, ஒற்றைப்படை. வரும் நியூட்ரான் அங்கே ஜோடி சேர்ந்துகொள்கிறது. அதனால் சுமார் 6.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வெளிப்பட்டு, கருவைப் பிளக்க அதுவே போதுமானதாகிவிடுகிறது. 238-இல் 146, இரட்டைப்படை. வரும் நியூட்ரான் தனியாளாக நிற்கும். சுமார் 4.8 மட்டுமே கிடைக்கிறது; மெதுவாக வரும் நியூட்ரானால் அதைப் பிளக்க முடியாது.

இரண்டும் யுரேனியம்தான் என்பதால் வேதியியல் முறையில் பிரிப்பது மிகக் கடினம். நிறையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். யுரேனியத்தை ஆறு ஃபுளோரினோடு சேர்த்து வாயுவாக்கி, மையவிலக்கு இயந்திரங்களில் சுழற்றுகிறார்கள். ஃபுளோரினுக்கு நிலையான ஐசோடோப்பு 19 ஒன்றுதான். ஆகவே மூலக்கூறுகள் 349, 352 என்று இரண்டே முக்கிய வகை; வித்தியாசம் முழுக்க யுரேனியத்தால் மட்டுமே வருகிறது. குளோரின் மாதிரி இரண்டு ஐசோடோப்பு உள்ள தனிமத்தைச் சேர்த்திருந்தால் எடை வேறுபாடுகள் ஒன்றோடொன்று குழம்பியிருக்கும். அப்படியும் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. அதனால்தான் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் தேவைப்படுகின்றன.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலையிலிருந்து 2023 ஆகஸ்டில் கடலில் விடத் தொடங்கிய நீரில் டிரிட்டியம் எஞ்சியிருந்ததற்கும் காரணம் இதே வகை. டிரிட்டியம் என்பது நிறை எண் 3 கொண்ட ஹைட்ரஜன். அது தண்ணீர் மூலக்கூறிலேயே உட்கார்ந்திருப்பதால், மற்ற கதிரியக்கத் தனிமங்களைப் பிடிக்கும் வடிகட்டிகளில் அது சிக்காது.

## அளக்க நேரமே தராத அணுக்கள்

அணு எண் 115 கொண்ட மாஸ்கோவியத்தை அமெரிசியம் 243 மீது கால்சியம் 48-ஐ மோதவிட்டு உருவாக்குகிறார்கள். 243-உம் 48-உம் 291. மோதலின் சூட்டில் கரு சில நியூட்ரான்களை உதறிவிடும். எத்தனை? இரண்டு போனால் 289, மூன்று போனால் 288, நான்கு போனால் 287. உருவான அணுவோ ஒரு நொடிகூடத் தாங்காது. அதுவும் எப்போதாவது ஒன்றுதான் உருவாகும்.

சிதைவு வரிசையைப் பின்தொடர்ந்து ஏற்கெனவே தெரிந்த அணுவில் போய் முட்டினால், நான்கு நான்காகப் பின்னோக்கிக் கூட்டி விடையைச் சொல்லிவிடலாம். மாஸ்கோவியத்தில் அதுவும் கைகொடுக்கவில்லை. வரிசை தெரிந்த அணுக்களை எட்டும் முன்பே, அணு எண் 105 கொண்ட டப்னியத்தில் கரு தானாகப் பிளந்து முடிந்துவிடுகிறது. மோதும் ஆற்றலைக் கூட்டிக் குறைத்து, எந்த ஆற்றலில் எத்தனை நியூட்ரான் போயிருக்கும் என்று கணித்துத்தான் 288 என்று பெயரிட்டிருந்தார்கள். வலுவான அனுமானம், ஆனால் அனுமானம்.

2018-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில், ஃபியோனா என்ற கருவியைக் கொண்டு, அப்படி உருவான ஒற்றை அணுக்களைப் பிடித்து, அயனியாகவே மின், காந்தப் புலங்களின் ஊடாக அனுப்பி, எங்கே விழுந்தன என்று பார்த்தார்கள். தாம்சனும் ஆஸ்டனும் நியானுக்குச் செய்த அதே வேலை. விழுந்த இடத்தில் அவை சிதைந்த விதத்தை வைத்து எது எந்த அணு என்று அடையாளம் கண்டார்கள். மாஸ்கோவியத்துக்கு 288, அது ஆல்ஃபா உமிழ்ந்து மாறிய நிஹோனியத்துக்கு (அணு எண் 113) 284 என்று வந்தது. ஒன்றுக்கொன்று சரியாக நான்கு வித்தியாசம்.